இன்னொரு பூச்சு

பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மை இல்லை, சார். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். போக இடம் இருக்கிறவன், உளுந்து அளவு சக்கரத்துக்குக் கறுப்பு அடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கக் குனிந்து உட்கார மாட்டான்.

நீங்கள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டீர்கள். ஸ்டேஷனுக்குள் வந்ததும் தண்ணீர் கொடுத்தீர்கள். அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். தங்கையை இழந்தவன் என்று குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டீர்கள். அறிக்கையில் 'விபத்து' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னீர்கள். எனக்குக் கை வரவில்லை. விமானத்தின் வாலில் ஒட்டின எண்ணில் ஓர் இலக்கம் தப்பு என்று தெரிந்தால், வேறு யாருக்கும் தெரியாது என்றாலும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுகிறவன் நான். தப்பான விவரத்தை அப்படியே விட்டுவிட எனக்கு வராது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறை. அச்சு வார்ப்பது, தேய்ப்பது, பக்கத்துப் பல்லோடு நிறம் பொருத்துவது. பகலில் பல், மாலையில் விமானம். இரண்டுக்கும் ஒரே அரம், ஒரே பூதக்கண்ணாடி. எங்கள் முதலாளி சொல்லிச் சிரிப்பார்: "நீ செய்யுற பல்லு கடிக்கும், நீ செய்யுற பிளேன் பறக்காது. என்னைக்காவது மாத்திச் செஞ்சு வச்சுடாதப்பா, என் பொழப்பு போயிடும்."

என் தங்கையை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கால் ஓரிடத்தில் நிற்காது. அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போன பிறகு, அவளைக் கூட்டிக்கொண்டு நான் இந்த நகரத்துக்கு வந்தேன். இங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. அவளுக்குத் தலை வாரிவிட்டேன், பாடம் சொல்லிக் கொடுத்தேன், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் துண்டுதுண்டாக இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடிப்பதோடு பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி, அதைப் பழசாக்குவது. புகைபோக்கிக்குப் பின்னால் கரி. இறக்கையின் அடியில் எண்ணெய்க் கசிவு. விமானி ஏறும்போது பூட்ஸ் பட்டு வர்ணம் உரிந்த இடம். அடிபடாத போர் விமானத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்யாகத் தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன விமானி பொம்மையும் இருக்கும். அதை நான் வைப்பதில்லை. சக்கரத்தைக் கீழே இறக்கி, விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை மூடி, தரையில் நிற்கிற மாதிரிதான் எப்போதும் செய்வேன்.

குருவி விட மாட்டாள். "ஏறுன கால் தடம் இருக்கு, ஆளைக் காணோமே அண்ணா. டீ குடிக்கப் போயிட்டாரா?"

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரு."

"பிளேனை விட்டுட்டா? அப்புறம் எதுக்கு இதுக்கு இறக்கை? நல்லா இருக்குற பறவையப் புடிச்சு பொம்மை பண்ணி வச்சிருக்க."

அவள் செய்ததெல்லாம் பறக்கிற விமானம். சக்கரம் உள்ளே மடங்கியிருக்கும். கூண்டுக்குள் ஆள் இருப்பார், அவருக்குப் புருவம்கூட வரைந்துவிடுவாள். ஒரே அலமாரியில் என் விமானங்கள் தரையில் நிற்கும், அவளுடையவை கம்பி மேல் பறக்கும்.

ஒரு நாள் பட்டறைக்கே ஓடி வந்தாள். விமானப் படையின் விமானிப் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள். எழுத்துத் தேர்வுக்குப் போனதே எனக்குத் தெரியாது. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "அண்ணன் ஒட்டுனான், தங்கச்சி ஓட்டப் போறா" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் சாப்பிட்டேன். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி என்றாள்.

என் அலமாரியைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரியாது. பெட்டியோடு வரும் குறிப்பில் ஒவ்வொரு விமானத்தின் கதையும் இருக்கும். இந்த எண் உள்ளது கடலில் விழுந்தது, இது ஓடுபாதையில் எரிந்தது, இது போனது திரும்பவில்லை. அங்கே நிற்பவற்றில் பாதிக்கு மேல் நிஜத்தில் விழுந்து போனவை. எதை எவர் ஓட்டினார் என்று எனக்கு மனப்பாடம். அவள் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபோது, அந்த வரிசையில் அவளுக்கும் ஓர் எண் போட்டு மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவள் உயிரோடு இருக்க வேண்டும். நான் வேண்டியது அது ஒன்றுதான்.

போகும்போது எடுத்துப் போக ஒரு விமானம் செய்கிறேன் என்றாள். சாகசம் காட்டும் படைப்பிரிவின் சிவப்பு விமானம். போர் விமானத்துக்குப் பளபளப்பு கிடையாது சார், வெயிலில் மின்னினால் எதிரிக்குத் தெரிந்துவிடும். கூட்டத்துக்கு முன்னால் வித்தை காட்டுவது மட்டும் மின்னும்.

"கண்ணாடி மாதிரி வேணும் அண்ணா. முகம் தெரியணும்."

அதற்கென்று ஒரு வார்னிஷ் இருக்கிறது. கார்களுக்கு அடிக்கிற ரகம், இரண்டு டப்பாவாக வரும், கலந்து அடிக்க வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். நான்தான் வாங்கி வந்தேன். இரண்டாவது டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. தொடர்ந்து சுவாசித்தால் மூச்சிரைப்பு வரும், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு துளி பட்டாலும் ஆகாது என்று. பொடி எழுத்து படிப்பது எனக்குப் பழக்கம்.

எங்களிடம் மாஸ்க் இருந்தது. இரண்டு பக்கமும் உருண்டையாகக் கரி வடிகட்டி திருகுகிற ரகம். அந்த வடிகட்டியை வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூட வேண்டும். வெளியே கிடந்தால் சும்மா இருக்கும்போதே காற்றில் உள்ளதையெல்லாம் உறிஞ்சி, செத்துப் போகும். பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். விமானம் ஒட்டுகிறவர்கள் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

என் மாஸ்க்கும், வர்ணத்தைக் கரைக்கிற தின்னர் வைத்த அலமாரிக்குப் பக்கத்தில், கொக்கியில்தான் ரொம்ப காலமாகத் தொங்கியது. அதைத்தான் அவளுக்கு மாட்டிவிட்டேன். வடிகட்டியை மாற்ற மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடுங்கள். மறக்கவில்லை. புது வடிகட்டி, பை பிரிக்காமல், மேஜை டிராயரில் இருந்தது.

"அண்ணா, வாசனை வருதே."

"பட்டையை இறுக்கு."

இறுக்கிக்கொண்டாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. நான் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது. நன்றாக வந்திருந்தது, ஆனால் ஓரத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு. தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு அடி என்றேன். மறுநாளும் சொன்னேன். அவள் இருமியபடியே அடித்தாள். அதற்கடுத்த மாலை, "இப்பவே முகம் தெரியுதே, போதாதா?" என்று கேட்டாள்.

"இன்னொன்னு அடிச்சா பல்லும் தெரியும்" என்றேன். சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்தது.

பரிசோதனையில் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்களாம். மறுபடி, மறுபடி ஊதச் சொன்னார்களாம். சின்ன வயதில் மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "என் உடம்பு எனக்குத் துரோகம் பண்ணிடுச்சு அண்ணா" என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை. அதையும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வந்தவை நல்ல மாதங்கள். இப்படிச் சொல்லக் கூடாது, தெரியும். அவள் வீட்டிலேயே இருந்தாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வாள். இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று நான் குலுக்கிப் பார்த்து வைப்பேன். கஞ்சி வைத்தால், "ஆஸ்பத்திரியே தேவலாம், அங்க உப்பாவது போடுவாங்க" என்பாள். வர்ண வேலையெல்லாம் நிறுத்திவிட்டேன். மாலையில் ஒன்றாக உட்கார்ந்து துண்டுகளைத் தேய்ப்போம். பட்டறையிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே எங்கள் ஜன்னலில் விளக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதைப் போல எனக்கு வேறு சுகம் இருந்ததில்லை.

வர்ணம் இல்லாததால் அவள் தேறிவிட்டாள். அதை நான் யோசித்திருக்க வேண்டும். படியில் நிற்காமல் ஏற ஆரம்பித்தாள். தோளைப் பிடிப்பது நின்றது. ஒருநாள் அடுப்படியில் வந்து நின்றாள்.

"திட்டக் கூடாது."

"சொல்லும்மா."

"கன்ட்ரோல் டவர்ல வேலை கிடைச்சிருக்கு. பறக்க வேண்டாம் அண்ணா. கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து, நீ இறங்கு, நீ ஏறுன்னு சொல்றது. வெளியூரு. இனிமே நான் விழுந்துடுவேன்னு நீ பயப்பட வேண்டாம், பாரு." என் தாடையைப் பிடித்து ஆட்டினாள். "ஒனக்கும் ஒரு பொண்ணு பாக்கணும். எத்தனை நாளைக்கு இந்தப் பிளாஸ்டிக்கோட குடித்தனம் நடத்துவ?"

நல்ல வேலை என்றேன். அவளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுக்கியும் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்துத் தூங்கினாள். என் மேஜை அடுத்த அறையில். டிராயரைத் திறந்து, அந்தப் புது வடிகட்டிகளைப் பை பிரித்து மாஸ்க்கில் திருகினேன். மாட்டிக்கொண்டேன். இரண்டு டப்பாவையும் கலந்து, உபயோகமில்லாத ஓர் இறக்கைத் துண்டின் மேல் அடித்தேன். ஜன்னல் ஏன் மூடியிருந்தது என்று கேட்டீர்கள். பளபளப்புப் பூச்சு காயும்போது தூசி விழக் கூடாது, அதனால் மூடுவது வழக்கம். ஆனால் அறைக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம் இல்லை. நான் திறந்து வைத்தேன். கொஞ்சம்தான் அடித்தேன், சார். பயணத்தைத் தள்ளிப்போடுகிற அளவுக்கு. பழையபடி படியில் நிற்கிற அளவுக்கு.

எவ்வளவு என்பதில் எனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. பொடி எழுத்தில் துளி என்று இருந்ததை நான் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

முன்னறைக்கு வந்து பார்த்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. இன்ஹேலர் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில். நான்தான் அடுக்கியிருந்தேன், எனக்கே கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், ஜன்னல்களைத் திறந்தேன், அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். மாஸ்க் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கையைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை, ஆனாலும் தூக்கி, அந்த மாஸ்க்கைப் பிடித்து என் மூக்கு மேல் தள்ளினாள்.

"போட்டுக்கோ... ஒனக்கும் ஆகாது."

அவள் பேசியது அதுதான் கடைசி. ஆம்புலன்ஸ்காரர் என் தோளைத் தட்டி, "உங்களால ஆனதெல்லாம் செஞ்சிட்டீங்க" என்றார்.

ஆகவே 'விபத்து' என்பதை அடித்துவிட்டு, அண்ணன் செய்தது என்று போடுங்கள். இரண்டு தடவையும் நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பதன் அர்த்தம் புரிகிறது. முதல் தடவை அவள் வானத்திலிருந்து விழுந்துவிடுவாள் என்று பயந்தேன், சரி. இரண்டாவது தடவை அவள் பறக்கவே போகவில்லையே, கண்ணாடி அறையில் உட்காரத்தானே போனாள், அதற்கு ஏன் என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். நியாயமான காரணம்தான் சார், இருமல் உள்ள பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது? அந்த ஊரில் அவளுக்கு யாருமே இல்லை. இங்கே நான் இருந்தேன்.