மூன்றாம் தொட்டியின் மூச்சு

"எங்கண்ணன் உள்ள இறங்கினப்ப இந்தத் தொட்டியில காத்து இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க சார்."

கேட்கவே கூடாது என்று அம்மா அழுது, கெஞ்சி, மிரட்டி வைத்திருந்த கேள்வி. மேனேஜர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது உச்சி வெயிலில். ஆளரவமில்லாத ஒற்றைச் சாலை... அதன் முனையில் ஒரு மருந்துக் கம்பெனி. இந்த ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரியின் சித்தி மகளுக்கு நடந்தது. கரண்ட் வரும்வரை சொல்கிறேன், மெழுகுவத்தியை இப்படி நகர்த்துங்கள். கதவைப் பார்க்க வேண்டாம்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். பள்ளிக்கூடம் போகும்போதே அண்ணன் அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவான். அவன் அந்தக் கம்பெனியில் தொட்டி கழுவுகிறவன். வீடு திரும்பும்போது சட்டையெல்லாம் மழையில் நனைந்த மண் வாசம். தொட்டிகளில் வளர்க்கிற, மருந்து சுரக்கும் கிருமியின் வாசம் அது. அம்மாவின் தூக்கம் கலையாதபடி மெதுவாகக் கதவைத் தட்டுவான். இரண்டு தட்டு... கொஞ்சம் விட்டு, ஒன்று. டிகிரி எழுந்து திறப்பாள்.

ஒருநாள் தொட்டிக்குள் இறங்கினான். ஏறவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். வீட்டில் அழுகை ஓயும் முன்பே டிகிரிக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள்.

என்ன வேலை தெரியுமா? கிருமிக்கு மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்வது. தொட்டியின் அடியிலிருந்து காற்று விட வேண்டும். துடுப்புகள் சுழன்று குமிழிகளை உடைத்துக் கரைக்க வேண்டும். மெதுவாகச் சுழன்றால் கிருமி திணறும், மருந்து சுரக்காது. வேகம் மிஞ்சினால் பிய்ந்துபோகும். காற்று ஒரு நிமிடம் நின்றால் சைரன் அலறும்.

கிருமிக்குத்தான் சைரன். தொட்டியைக் காலி செய்ய, மூச்சுக்கு உதவாத நைட்ரஜன் வாயுவை விட்டார்கள், அது வெளியேறும் முன்பே அவனை இறக்கினார்கள் என்று கழுவுகிற ஆட்கள் முணுமுணுத்தார்கள். அப்போது எதுவும் அலறவில்லை. அவன் போன பிறகுதான், காற்று குறைந்தால் கத்துகிற சின்னப் பெட்டியை எல்லோர் காலரிலும் மாட்டினார்கள்.

அன்று அவளுக்கு மூன்றாம் தொட்டி, அண்ணன் இறங்கிய அதே தொட்டி. உள்ளே கிருமியை இன்னும் விடவில்லை. கொதிக்கவைத்து ஆற்றிய சத்துநீர் மட்டும்தான். மூச்சு விடுகிற உயிர் எதுவும் அதில் இல்லை. கரைந்த காற்றைக் காட்டும் முள் நூறில் அசையாமல் நிற்க வேண்டும். நின்றது. பிறகு... இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"மீட்டரையே மாத்திப் பாத்தாச்சு டிகிரி," என்றார் ஆபரேட்டர், கிட்டே வராமல். "இது ஒண்ணுதான் இப்படி மூச்சு வாங்குது."

அவள் துடுப்பின் வேகத்தைக் குறைத்தாள். முள் சரசரவென்று விழுந்தது. எஃகுச் சுவருக்குள்ளிருந்து... இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

பதறிப்போய் வேகத்தைக் கூட்டினாள். தட்டல் நின்றது. இத்தனை நாளும் மூச்சு முட்டும்போதெல்லாம் அண்ணன் தட்டியிருக்கிறான். திறக்கத்தான் யாருமில்லை.

அப்போதுதான் மேனேஜரை இழுத்துவந்து தொட்டி முன்னால் நிறுத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"துடுப்போட ஷாஃப்ட் லூசாயிருக்கும்மா, அதான் தட்டுது," என்றார் அவர்.

"லூசு ஷாஃப்ட்டுக்கு எங்க வீட்டுக் கதவ எப்படித் தட்டணும்னு தெரியுமா சார்?"

அவர் குரல் தாழ்ந்தது. "இங்க பாரும்மா. உனக்கு வேலை குடுத்ததே இதக் கேக்காம இருக்கத்தான். அம்மாவ நெனச்சுப் பாரு."

"அம்மா தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் அவன் மெதுவாத் தட்டுவான். இப்ப அம்மா தூங்கறதே இல்ல சார்."

அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தாள். தொட்டியின் மேல் வால்வைத் திறந்தாள். புஸ்ஸென்று நெடுமூச்சுப் போல ஒரு சத்தம். வெதுவெதுப்பான எஃகில் கன்னத்தை வைத்தாள்.

"வாண்ணா, போலாம்."

முள் மெல்ல நூறுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டதாம். ஆபரேட்டர் பிற்பாடு சொன்னது. அவள் அதைப் பார்க்கவில்லை, நடந்துகொண்டிருந்தாள். சாலையின் மறுமுனையில் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

சுற்றிலும் பொட்டல். தலைக்கு மேல் வானம் முழுக்கக் காற்று. ஒரு சொட்டு மழை இல்லை... ஆனால் நனைந்த மண் வாசம்.

கழற்ற மறந்திருந்த காலர்ப் பெட்டி கத்தியது. இரண்டு தடவை. கொஞ்சம் விட்டு, ஒன்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அணைக்கவும் இல்லை. மூச்சு வாங்குகிறவனுக்காக நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.