ஓஸ்வால்டின் நாற்பத்து மூன்று பதிவுகள்

அன்புள்ள ஜோவிதா,

எழுதிய எதையும் நகல் எடுக்காமல் தபாலில் சேர்ப்பது எனக்கு ஆகாது. வாணியம்பாடியில் படிக்கும்போது கடிதத்துக்கு எண் போடாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும்; அறுபத்தெட்டு வயதிலும் அந்த அரை மதிப்பெண்ணை விட மனமில்லை. இதன் எண் 212. உன் அப்பாவின் பதிவுகள் எப்படி அழிந்தன என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் நம் தேவாலயப் பங்குக்காரர்களுக்காக நான் ஒரு வலைப்பூ நடத்துவது உனக்குத் தெரியும். அதன் சாஃப்ட்வேரைப் போல நன்றிகெட்ட ஒன்றை நான் கண்டதில்லை. காலை முழுக்க உட்கார்ந்து அடித்ததை, 'சேமிக்கப்படுகிறது' என்று ஒரு வட்டத்தைச் சுற்றிக்காட்டியே விழுங்கிவிடும். 'விண்ணப்பம் எழுதுவது எப்படி' என்ற என் தொடரின் ஏழாம் பகுதியை மூன்று முறை விழுங்கியது. மூன்று முறையும் நகலைப் பார்த்து மறுபடி அடித்தேன். பதினேழு புகார்க் கடிதங்கள் எழுதினேன். பதினேழுக்கும் ஒரே மாதிரி நன்றிக் கடிதம் வந்தது. அந்தத் தொடருக்கு வாசகர்கள் இரண்டு பேர். ஒருவர் நான்.

உன் அப்பாவுக்கு மறதி தொடங்கியதும், நினைவிருக்கும்போதே மறைந்த உன் அம்மா ஐரினைப் பற்றி எழுதிவைக்கச் சொன்னார் டாக்டர். மறந்துபோனால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம் என்று. ஓஸ்வால்ட் நேரே வலைப்பூவிலேயே அடித்தான். காகிதம் கிடையாது, நகல் கிடையாது. அந்த சாஃப்ட்வேர் அவனுடைய ஒரு வரியைக்கூட விழுங்கவில்லை. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் பங்கு மொத்தமும் வந்து அழுதது.

நகல் எடுத்துக்கொள் என்று ஆறு தடவை சொன்னேன். ஆறாவது தடவை, ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் நின்றிருந்தபோது, அவன் சொன்னான்: "நீ விடுப்பா ரெமி. உனக்கு லவ் லெட்டர் வந்தாக்கூட இன்வர்டு நம்பர் போட்டு ஃபைல்ல வெப்பே."

பங்குச் சாமியார்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படி ஒன்று 1981இல் வரத்தான் செய்தது. எண் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பத்து மூன்று பதிவுகளையும் அச்செடுத்தேன். துளையிட்டு, பொருளடக்கம் எழுதி, கோப்பில் கட்டி பீரோவில் வைத்தேன். பிறகு வலைப்பூவில் இருந்ததை அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. நான்கு வருடத்தில் அது என்னை மரியாதையாகக் கேட்ட ஒரே கேள்வி. ஆம் என்றேன். வட்டம்கூடச் சுற்றவில்லை. அந்த ஒரு நாள்தான் அது ஒழுங்காக வேலை செய்தது.

அழித்தவை முப்பது நாள் அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கும், நினைத்தால் மீட்டுவிடலாம். அந்த முப்பது நாளும் உன் அப்பா, பதிவுகளைக் காணோம் என்று என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவன் சார்பில் பதினெட்டாவது புகாரை நானே எழுதினேன். என் புகார்களிலேயே நன்றாக அமைந்தது அதுதான். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அந்த சாஃப்ட்வேரின் யோக்கியதையைத்தான் நான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தேனே.

நான் கல்நெஞ்சன் அல்ல. 'நீ சொன்னது சரி' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கோப்பை எடுத்துக் கொடுத்திருப்பேன். எட்டு மாதம் காத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை சொன்னான்.

"நீ சொன்னதுதான் ரெமி சரி. பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கணும்." பீரோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எதைன்னுதான் ஞாபகம் வரல."

இன்னதென்று சொல்லாதவருக்குக் கோப்பை எந்த முறையில் எடுத்துக் கொடுப்பது? டீ கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

உனக்கு வேண்டிய பதிவுகளின் எண்களைக் குறிப்பிட்டு எழுது, அனுப்புகிறேன். நகல்தான் அனுப்புவேன். மூலம் என்னிடமே இருக்கட்டும். உங்கள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள ரெமிஜியஸ் அங்கிள்