இடது பக்கத்து ஸ்டீயரிங்

ராஜமேரி: இருங்க, இருங்க... எதுக்கால பஸ்ஸு வருது. ம்... இப்ப போலாம். ஐயையோ, வேண்டாம்!

மரியசூசை: போலாமா வேண்டாமா, ஒண்ணு சொல்லு!

ராஜமேரி: ஸ்டீயரிங் உங்க கையில. ரோடு தெரியறது எனக்கு. எந்த ஊரு நாயங்க இது?

மரியசூசை: இத்தாலி நாயம். அங்கெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கந்தான். பெங்களூர்ல வேல பாத்த இத்தாலி இன்ஜினியரு ஒருத்தரு இத வித்துட்டு ஊருக்குத் திரும்பிப் போனதால நமக்குக் கெடச்சுது. சீட்டத் தொட்டுப் பாரு, வெல்வெட்டு!

ராஜமேரி: வெல்வெட்டுதான். காலுக்கிட்ட அனலா அடிக்குதே, அதென்ன?

மரியசூசை: அது... ஹீட்டரு. குளுருக்கு.

ராஜமேரி: சித்திர மாசத்துல, கம்பைநல்லூர் ரோட்டுல... குளுரு! நிறுத்தித் தொலைங்களேன்.

மரியசூசை: எந்தப் பொத்தான்னு தெரியல. எல்லாம் இத்தாலில எழுதியிருக்குது.

ராஜமேரி: கதவும் ரெண்டே ரெண்டு. நேத்து உங்கம்மாவப் பின்னாடி மூட்டையாட்டம் திணிச்சோம். எறக்கத்தான் நாலு பேரு வேண்டியிருந்துச்சு.

மரியசூசை: ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்பிடித்தான். பறக்கும்!

ராஜமேரி: பறக்குமா? அரை மணி நேரமா இந்தப் புளி லாரிக்குப் பின்னாலயே...

மரியசூசை: நீ ஒழுங்காச் சொன்னாத்தான தாண்ட முடியும்?

ராஜமேரி: அப்ப ஒருக்கா எங்கிட்டக் குடுங்க.

மரியசூசை: லைசென்ஸ் வாங்கறது லேசுன்னு நெனச்சியா? எனக்குன்னா பெங்களூர்ல ஒரே நாள்ல குடுத்தான்.

ராஜமேரி: ஓகோ... ஒரே நாள்ல.

மரியசூசை: இன்னிக்கி உங்கண்ணன் மவ நிச்சயதார்த்தக் கூட்டத்துல, அவரு வாசல்ல, நானே ஓட்டிட்டுப் போயி எறங்கணும். நம்ம கல்யாணப் பந்தியில என்ன சொன்னாரு? 'கட்டவண்டிக்காரனுக்குத் தங்கச்சியக் குடுத்துட்டேன்'னு... எல்லாரும் சிரிச்சாங்க.

ராஜமேரி: பன்னெண்டு வருசமாச்சுங்க.

மரியசூசை: எனக்கு ஆறலடி.

ராஜமேரி: ... தெரியும். அதனாலதான் வாயத் தொறக்காம வெந்துக்கிட்டிருக்கறேன்.

மரியசூசை: இதுவா வாயத் தொறக்காம? ஏ... போலீசு! கை காட்டறான்!

போலீஸ்காரர்: ஓரங்கட்டு, ஓரங்கட்டு! யம்மா, லைசென்ஸ எடுங்க... என்னம்மா இது, ஸ்டீயரிங்கயே காணோம்?

ராஜமேரி: அந்தப் பக்கம் இருக்குதுங்க. எங்க வூட்டுக்காரரு புடிச்சுக்கிட்டிருக்கறாரு.

போலீஸ்காரர்: சரி, நீங்க எடுங்க சார்.

மரியசூசை: அது... வேற சட்டையில... வூட்ல...

போலீஸ்காரர்: லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க ஓட்டினா வண்டி கம்பைநல்லூர் போவும். இல்லன்னா ஸ்டேசனுக்குத்தான்.

ராஜமேரி: இந்தாங்கய்யா, என்னோடது... ஏங்க, என்னை மொறைக்காதீங்க. ஆறு வாரம் பல்லு வைத்தியம்னு தர்மபுரி போனது இதுக்குத்தான். நீங்க எட்டுப் போடத் தெரியாம மூணு தடவ பெயிலானதையும் அங்க டிரைவிங் ஸ்கூல்லதான் சொன்னாங்க. எறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. போலீசுக்கே தெரியல, எங்கண்ணனுக்கா தெரியப் போவுது? வலது பக்கத்துல எறங்கறவருதான் ஓட்டிட்டு வந்தாருன்னு நெனச்சுக்குவாரு... மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கெத்தா வெச்சுக்கங்க!