சீட்டில்லாமல் போன பத்து ஆடுகள்

இந்த ஆண்டு கம்பளி நன்றாக வந்திருக்கிறது, போதகரே. ஆஸ்திரேலியாவின் இந்தப் பாதர்ஸ்ட் சமவெளியில் என்னுடையதைவிட வெள்ளையான கம்பளி கிடையாது. இங்கிலாந்தில் ஒரே ஒரு ஆட்டைத் திருடியதற்காக கைதியாக இங்கே கப்பலேற்றி அனுப்பப்பட்டவன் நான். தண்டனை முடிந்ததும் நிலம் கிடைத்தது. ஊரில் விட்டுவந்த மனைவி இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லி டார்கஸை மணந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை இங்கே பலரும் அப்படித்தான் புதைத்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, பண்ணை வேலைக்கென்று அரசாங்கம் எனக்கு ஒதுக்கிய கைதிகளில் ஏனோக் வந்தான். என் முதல் மனைவியின் மகன். நான் கப்பலேறியபோது அவனுக்கு மூன்று வயது. தாயின் குடும்பப் பெயரில் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தாய் சொல்லியிருந்த, பாதி வெட்டுப்பட்ட என் விரலைப் பார்த்து அவனாகவே கண்டுகொண்டான்.

“செத்துட்டீங்கன்னு நினைச்சோம், அப்பா. பார்த்தா, செத்தவருக்கு ரெண்டாயிரம் ஆடு” என்று சிரித்தான்.

“எசமான்னு கூப்பிடு.”

“சரிங்க எசமான். அம்மா உசுரோடதான் இருக்கு. இங்க இருக்கறவங்க பெண்டாட்டிக்குக் கப்பல்ல சும்மாவே இடம் தர்றாங்களாமே. கூப்பிட்டுக்கலாமா?”

“என் மக கல்யாணம் முடியட்டும். நான் உன் அப்பன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“சத்தியமா விடமாட்டேன். தங்கச்சி கல்யாணத்துல ஒரு துண்டு கேக்காவது கண்ணுல காட்டுங்க.”

டார்கஸுக்கும் எனக்கும் பிறந்த கெசையாவை மாஜிஸ்திரேட்டின் தம்பி மகன் பெண் கேட்டிருந்தான். விஷயம் வெளியே வந்தால் டார்கஸ் என் மனைவியே இல்லை. கெசையா முறைகேடாகப் பிறந்தவள். ஏனோக் நல்ல பையன். ஆனால் நல்ல பையன்களும் குடித்தால் பேசுவார்கள்.

எசமான் எழுதிக் கொடுத்த சீட்டில்லாமல் கைதி பண்ணை எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு காலையில் அவனிடம் பத்து ஆடுகளை ஒப்படைத்து, பக்கத்துப் பண்ணைக்கு ஓட்டிப் போகச் சொன்னேன். சீட்டு கேட்டான். “அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும், போ” என்றேன். அவன் ஓடையைக் கடந்ததும் குதிரையேறிப் போய், கைதி ஒருவன் ஆடுகளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டதாகக் காவலர்களிடம் சொன்னேன்.

சிட்னியில் வழக்கு நடந்தது. “நீர் அனுப்பினீரா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “அவர்தான் அனுப்பினார்” என்றான் ஏனோக். ஒரு கைதியின் பேச்சை யார் நம்புவார்கள்? ஆட்டுத் திருட்டுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது. நான் அவனுக்கு என்ன உறவு என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. தூக்குமேடையிலும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினான், போதகரே. அந்தக் குணம் என்னிடமிருந்துதான் அவனுக்கு வந்திருக்க வேண்டும்.