பூ வாசனை ஒயினும் பிடுங்கிய சாவியும்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து மூன்று. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் கணவர், விவாகரத்தான தங்கை, அவளுடைய ஏழு வயது மகள் ஆகியோருடன் குடியிருக்கிறேன்.

தங்கை தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு பெற்றதற்காக இன்று மாலை வீட்டில் சிறு விருந்து வைத்தோம். நுரை பொங்கும் வெள்ளை ஒயினில் ரோஜாப் பூ லிக்கர் என்ற இனிப்பு மது ஒரு ஸ்பூனும் வயலட் பூ லிக்கர் அரை ஸ்பூனும் சேர்த்து, நுரை அடங்கிவிடாமல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து நானே ஊற்றினேன். தங்கைக்கு விடியற்காலை டியூட்டி என்பதால் சோடாவில் ரோஸ் சிரப் மட்டும் கலந்து கொடுத்தேன். நான் குடித்தது ஒரு கோப்பை. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு தங்கையின் முன்னாள் கணவர், வார இறுதிக்கு மகளை அழைத்துப்போகக் காரில் வந்தார். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து, "எனக்கெல்லாம் கிடையாதாக்கா?" என்றார். முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனம் வராமல் ஒரு கோப்பை கொடுத்தேன். "பூ வாசனைதான் வருது, சரக்கையே காணோம்" என்று சொல்லி, நான் தடுத்தும் கேட்காமல் லிக்கர் பாட்டிலைத் தானே எடுத்துப் பாதி காலியாகும்வரை ஊற்றிக் குடித்தார். அதன் பிறகு செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு மகளின் கையைப் பிடித்தார்.

"இந்த நிலைமையில பிள்ளைய அனுப்ப முடியாது. காலையில வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"கோர்ட்டு குடுத்த நாள். தடுக்க நீங்க யாரு?" என்று கேட்டவர், குழந்தையைக் காரில் உட்கார வைத்துவிட்டார். ஆகவே அவர் கையிலிருந்த சாவியை நான் பிடுங்கினேன். பிடுங்கியது உண்மை. நான் தள்ளிவிட்டதாக அவர் சொல்வது பொய். நிற்க முடியாமல் அவரேதான் விழுந்தார்.

அதன் பிறகு அவரே காவல் நிலையத்துக்குப் போன் செய்து, குழந்தையின் தாய் குடித்திருப்பதாகப் புகார் சொன்னார். வந்த காவலர்கள் மகளின் கண்ணெதிரிலேயே என் தங்கையை மதுச் சோதனைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்யம் காட்டியது. "அம்மாவ மட்டும் ஏன் பெரியம்மா ஊதச் சொல்றாங்க?" என்று குழந்தை கேட்டாள். அதையே நான் காவலரிடம் கேட்டதற்கு, குழந்தையின் அப்பா புகார்தாரர் என்று பதில் வந்தது. புகார் கொடுத்தால் குடித்தது இறங்கிவிடுமா என்று கேட்டேன். ஸ்டேஷனில் வந்து பேசச் சொன்னார்கள். எல்லோரும் இங்கே வந்தோம்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தங்கையின் முன்னாள் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புதினா மிட்டாய் மென்றுகொண்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவியைக் கொடுத்தால் விஷயத்தை இத்தோடு முடித்துவிடலாம் என்று எழுத்தர் சொன்னார். அவர் ஊதட்டும், அதன் பிறகு கொடுக்கிறேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை. சொன்னது எதுவும் பொய்யில்லை.

(கையெழுத்து)

நிலைய எழுத்தரின் குறிப்பு: புகார்தாரருக்கும் சோதனை செய்யப்பட்டது. குழந்தை தாயுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். சாவி புகார்தாரரிடம் ஒப்படைக்கப்படவில்லை.