சர்க்கரை இல்லை என்று எழுதிய கை

கையில் மரச்சுத்தியலும் முகத்தில் மாறாத பொறுமையுமாக இந்த மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் ஹோரஸ் கிட்ரெட்ஜ் அவர்களே! அவருக்கு அருகே அணிவகுத்து அமர்ந்திருக்கும் ஊராட்சிக் குழுவினரே! கணப்படுப்பின் பக்கத்து இருக்கைகளைக் காலையிலேயே கைப்பற்றிக்கொண்ட பெரியோர்களே! விடியுமுன் எழுந்து மொச்சையும் ரொட்டியும் ஆக்கிவைத்து, அந்த மணத்தாலேயே எங்களை இந்த மண்டபத்தில் கட்டிப்போட்டிருக்கும் தாய்மார்களே! மார்ச் மாதச் சேற்றை முழங்கால்வரை சுமந்து வந்திருக்கும் பால்பண்ணைத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், மேட்டுச் சாலைக் கடைசி வீட்டு ஆல்தியா பிக்ஸ்பியின் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். ஒருநாளும் மேடை ஏறியதில்லை. இன்று ஏறிவிட்டேன். நாக்கு நடுங்காமல் இருந்தால் போதும்.

நிகழ்ச்சி நிரலின் ஏழாவது பொருளுக்கு வந்திருக்கிறோம். ஊரின் சாலைப் பொறுப்பாளர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மெர்ரில் டட்டன். பனி கொட்டிய காலைகளில் நாம் கண் விழிக்குமுன் நம் வாசலுக்கு வழி திறந்தவர் அவர். பிரசவ வலியில் துடித்த பெண்ணின் வண்டிக்கு முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டே மருத்துவமனை வரைக்கும் போனவர் அவர். அந்தப் பெண் இதோ மூன்றாவது வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மெர்ரில்தான் சென்ற மார்ச் மாதக் கடைசியில், பனி தள்ளும் வண்டியை ஓடைப் பள்ளத்தில் இறக்கினார். கண் மங்கிவிட்டது. உடம்பில் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தது. பதினொரு நாள் மருத்துவமனை. மறுபடி வண்டி ஓட்ட மருத்துவர் அனுமதி கொடுத்து நான்கு மாதமாகிறது. ஆனால் ஊர் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. ஏன்? 'டாக்டர் பேச்சைக் கேட்காமல் சர்க்கரை தோய்த்த டோனட் தின்றாராம். வாயைக் கட்டத் தெரியாதவருக்கு வண்டிச் சாவி எதற்கு?' இதை நீங்கள் பேசினீர்கள். கடையில் பேசினீர்கள், கறவைக் கொட்டகையில் பேசினீர்கள், தேவாலயத்துப் படிக்கட்டில் நின்றுகூடப் பேசினீர்கள். நானும் பேசினேன்! தலையை ஆட்டி, உச்சுக்கொட்டி, உங்களைவிட ஒரு படி கூடவே பேசினேன்.

அவையோரே, மெர்ரில் டட்டன் டோனட் தின்னவில்லை. ஒன்றுகூட இல்லை, ஒரு விள்ளல்கூட இல்லை. அவர் தின்றது என் கிரானோலாவை!

யாரது பின்வரிசையில் சிரிப்பது? சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சிரிக்க முடியும்.

என் கிரானோலா உங்களுக்குத் தெரியும். டிசம்பர்ச் சந்தையில் மேசை போட்டு வைக்கிறேனே, அதுதான். உருட்டி நசுக்கிய ஓட்ஸ், உடைத்த வால்நட், பூசணி விதை, சூரியகாந்தி விதை, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றோடு என் மேப்பிள் மரத்துப் பாகையும் என் தேனீப் பெட்டித் தேனையும் எண்ணெயில் கலந்து பிசறி, தட்டில் பரப்பி, மெல்லிய சூட்டில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டிப் பொன்னிறமாக எடுப்பேன். ஆறும்வரை கை வைக்கமாட்டேன். ஆறினால்தான் கட்டி கட்டியாக நிற்கும். கடைச் சரக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே பெருமை பொங்க, ஒவ்வொரு ஜாடியிலும் என் கையால் எழுதி ஒட்டினேன்: 'சர்க்கரை இல்லை.'

இரண்டே சொல். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே இலக்கியம் அதுதான்.

சென்ற ஜனவரியில் டட்டன் வீட்டுக்குப் போனேன். மெர்ரிலின் மனைவி ரோவீனாவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 'நிலவறையில ஆப்பிள் இருக்கு, நீயே போய் எடுத்துக்கோ' என்றாள். இறங்கினேன். ஆப்பிள் கூடைக்கு மேலே ஒரு பலகை. பலகையில் என் ஜாடிகள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. மெர்ரில் மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் நான் ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவை. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! ஆப்பிளை மறந்தேன். ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

'ஏன் ரோவீனா, பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? என் மாட்டுக்குப் போட்டிருந்தாக்கூட ரெண்டு படி பால் கூடக் கறந்திருக்கும்!' என்றேன்.

ரோவீனா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். 'பிடிக்காமலா? போன குளிர்காலம் பூரா அவரு அதைத்தானே சாப்பிட்டாரு. காலையில ஒரு கிண்ணம். வண்டியில போனா மடியில ஜாடி. ரெண்டு வருஷமா இனிப்பைத் தொடாத மனுஷன், உன் எழுத்தைப் பார்த்துட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு.'

'ஆமா, சர்க்கரை இல்லைதான். மேப்பிள் பாகும் தேனும் மட்டும்தானே போட்டேன்?'

அவள் என் கையிலிருந்த ஜாடியைத் தட்டிக் காட்டினாள். 'ஆல்தியா, அது ரெண்டும் பின்ன என்னடி?'

சிரிப்பு நின்றுவிட்டது பார்த்தீர்களா? ஏன் நின்றது? நீங்களும் என்னைப் போலத்தான் நினைத்திருந்தீர்கள்! இந்த வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்த நமக்குச் சர்க்கரை என்றால் என்ன? கடையில் காகிதப் பையில் வரும் வெள்ளைப்பொடி. அது அயலூர்ச் சரக்கு, ஆகாத சரக்கு. நம் மரத்தில் சொட்டுவதோ மருந்து, மகத்துவம்! ஆனால் அந்த மரத்துக்கு நாம் வைத்த பெயர் என்ன? சர்க்கரை மேப்பிள்! அதைக் காய்ச்சும் கொட்டகைக்குப் பெயர் என்ன? சர்க்கரைக் கொட்டகை! அதைக் காய்ச்சும் இந்த மாதத்துக்குப் பெயர்? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! சர்க்கரைக் காலம்! மரத்திலே சர்க்கரை, கொட்டகையிலே சர்க்கரை, மாதத்திலே சர்க்கரை! நாற்பது வாளி மரநீரை நாள் முழுக்கச் சுண்டக் காய்ச்சி ஒரு வாளி பாகு எடுக்கிறேனே, அந்த ஆவி முழுக்க என் தலைமுடியில் ஒட்டுகிறதே, அங்கே எதைக் காய்ச்சுகிறேன் என்று நினைத்தேன்? இத்தனைக்கும் பிறகு ஜாடியில் மட்டும் சர்க்கரை இல்லையாம்!

இயற்கையான இனிப்பு நல்லதுதான். என் தேனை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் மரம் கொடுத்தாலும் தேனீ கொடுத்தாலும் இனிப்பு இனிப்புதான். மெர்ரிலின் இரத்தத்துக்கு அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாது.

நாங்கள் பேசியதைக் கேட்டு மெர்ரில் உள்ளேயிருந்து வந்தார். 'ரோவீனா, சொல்லாதேன்னு சொன்னேன்ல?' என்று கடிந்துகொண்டார். நான் கேட்டேன், 'மெர்ரில், ஊரே உன்னை ஏசுதே, ஏன் வாயைத் திறக்கலை?'

அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். 'டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ஊருக்கு டோனட்டே போதும். உன் பேரைச் சொன்னா அப்புறம் உன் மேசைப் பக்கம் எவன் வருவான்? எல்மர் போனப்புறம் அந்த மரத்தையும் தேனீயையும் வெச்சுக்கிட்டுத்தானே நீ எழுந்து நடமாடுறே.'

எல்மர் என் கணவர். அவர் போய் ஆறு ஆண்டு ஆகிறது. தன் கண் மங்கிப்போன இந்த மெர்ரில், நான் அழுதுகொண்டே அடுப்பு மூட்டிய நாட்களைக் கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறார்! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதேன். அதிலே எனக்கு வெட்கமில்லை.

தலைவர் அவர்கள் சுத்தியலைத் தொடுகிறார். ஐயா, இன்னும் கொஞ்சம்தான். அவரை ஊரார் ஓராண்டு பேசினார்களே, எனக்கு ஒரு நிமிடம் கூடாதா?

மறுவாரமே ரோவீனாவின் அடுப்படியில் மூவருமாக முதலிலிருந்து தொடங்கினோம். ஆப்பிளை வேகவைத்து மசித்து, அதிலேயே ஓட்ஸைப் பிசறினோம். இலவங்கப்பட்டைப் பொடி தூவினோம். கொட்டையும் விதையும் இரண்டு மடங்கு. பாகு, தட்டு முழுமைக்கும் இரண்டே கரண்டி. முதல் தட்டை வாயில் போட்டுவிட்டு மெர்ரில் கேட்டார், 'இது எனக்கா, குதிரைக்கா?' இரண்டாவது தட்டு ஈரமாகவே நின்றது. மூன்றாவதற்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினோம். இம்முறை கிண்ணத்தை மறுபடி நீட்டினார். 'அரைக் கோப்பைதான், அதுக்குமேல கிடையாது' என்று ரோவீனா ஜாடியை மூடினாள். அந்தச் செய்முறையை மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் காட்டி, அரைக் கோப்பைக்கு எவ்வளவு சர்க்கரை என்று கணக்கிட்டு வாங்கி, அதை அப்படியே ஜாடியில் எழுதியிருக்கிறேன். அந்த ஜாடி மதிய உணவு மேசையில் இருக்கிறது. படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

என்ன மெர்ரில்? எழுந்து நின்று என்ன சொல்கிறீர்கள்? 'போதும் ஆல்தியா, உக்காரு' என்கிறார். கேட்டீர்களா அவையோரே? இப்போதும் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்! உட்கார மாட்டேன். நீங்கள் உட்காருங்கள் மெர்ரில்.

வாயைக் கட்டத் தெரியாதவர் என்றீர்களே! மருத்துவர் இனிப்பு வேண்டாம் என்ற நாள்முதல், இந்த மண்டபத்து விருந்தில் ஒரு துண்டு கேக்கைக்கூடத் தொடாதவர் யார்? பக்கத்து வீட்டுக்காரி எழுதியதை வேதவாக்காக நம்பியவர் யார்? நம்பியது குற்றமா? இல்லை, நம்பும்படி எழுதியது குற்றமா? வாயைக் கட்டத் தெரியாதவர் என்றா சொன்னீர்கள்? ஒரு விதவையின் மானத்துக்காக ஓராண்டு வாயைக் கட்டியவரல்லவா அவர்! அவரைப் போல் வாயைக் கட்டியவர் இந்த ஊரில் இன்னொருவர் உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்!

எழுத்தர் அவர்களே, பேனாவை எடுங்கள். இந்த ஊர் அவரை வேண்டாமென்றால், அது இந்த ஊரின் உரிமை. ஆனால் காரணம் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதாதீர்கள். 'ஆல்தியா பிக்ஸ்பிக்குச் சர்க்கரை எது என்று தெரியவில்லை' என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிறகு வாக்கெடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்தியவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மெர்ரில், ஓராண்டாக என் வெட்கத்தை உன் வெட்கம் என்று சொல்லிச் சுமந்தாய். இதோ ஊர் முன்னால் வாங்கிக்கொண்டேன். இனி நீ நிமிர்ந்து உட்காரு.

அனைவருக்கும் வணக்கம்.