விட்டுடாதே

ஹலோ... கதீஜா, நைரோபி கிடைச்சிடுச்சா?... ஆமாம்மா, மாநாட்டு மண்டபத்துக்குத்தான். லைனைக் குடுத்துட்டு நீ விலகிக்க... ஹலோ? ஹலோ? சிங்கப்பூர் டெலிகேஷன், பிளீஸ்... யெஸ், யெஸ். மிஸ்டர் எட்மண்ட்... வெயிட் பண்றேன்...

எட்மண்டா? ஆம்ப்ரோஸ் பேசறேன்... அத்தானெல்லாம் வீட்டுலதான். உங்கக்காவைக் கட்டினவன் வீட்டுல இருக்கான். இது ஆபீஸ் போன், சார்னு சொல்லு... ஆமா. ஆமா, கோவமாத்தான் இருக்கேன்.

உன்னைச் சுத்தி யார் நிக்கிறா?... வரிசையா? நிக்கட்டும், போனுக்குக் காசு நாமதானே குடுக்கறோம். தமிழ்லயே பேசு.

காலையில அங்கேர்ந்து டெலக்ஸ் வந்துச்சு. கையில வெச்சிருக்கேன். தீர்மானத்துல பதினாலாவது பாரா. பிராக்கெட் எங்கடா?... அதான் கேக்கறேன், பிராக்கெட் எங்க?

இல்ல இல்ல, நீ எனக்குப் பாடம் எடுக்காத. வளர்ச்சியும் வேணும், நாளைக்குப் பொறக்கப்போற பிள்ளைங்களுக்குக் காத்தும் தண்ணியும் மிச்சம் இருக்கணும். யாரு வேணாம்னா? நாம கேட்டது ஒரே ஒரு வரி. 'ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்குத் தகுந்தபடி.' எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் அந்த வரி பிராக்கெட்டுக்குள்ள நிக்கணும். நின்னாத்தான் பேச்சு முடியலைன்னு அர்த்தம். இப்ப பிராக்கெட்டையும் காணோம், வரியையும் காணோம். எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு, ஒரே கெடு. நல்லா இருக்கு லா.

நமக்குப் பெரிய ஆறு இருக்கா? காடு இருக்கா? எண்ணெயைச் சுத்திகரிக்கிறோம், கப்பலை ரிப்பேர் பண்றோம், அதுல சோறு திங்கிறோம். உங்கப்பா செம்பவாங் கப்பல் பட்டறையிலதானே இருந்தாரு? பெரிய நாட்டுக்கு வெச்ச முழக்கோலைக் கொண்டாந்து எங்க மேல வெக்காதேங்கிறோம். இவ்வளவுதான் நம்ம நிலைப்பாடு. இதைச் சொல்லத்தான் உன்னை பிளேன் ஏத்தி அனுப்பினது.

நேத்து சாயங்காலம் போன்ல நான் என்ன சொன்னேன்?... ஞாபகம் இருக்கா? 'விட்டுடாதே'ன்னேன். அதை 'விட்டுடா'ன்னு கேட்டியா?... என்ன ம்ங்கிற? ஆமாவா?... விட்டுடாதேன்னேன்டா. கடைசியில ஒரு தே இருக்கு. அந்தத் தே எங்கடா போச்சு? இந்து சமுத்திரத்துல விழுந்துருச்சா?

ஆமா, கொரகொரன்னுதான் இருந்துச்சு... ஆமா, ஆமா... இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா டோன்ட் மொதல்லயே வந்திருக்கும். நம்ம பாஷையில 'செய்'யா 'செய்யாதே'யான்னு கடைசி எழுத்து வரைக்கும் காத்திருக்கணும். தமிழ்ல பேசுவோம், மத்தவனுக்குப் புரியாதுன்னு சொன்னதும் நான்தான். உன்னை டா போட்டுப் பேசினதும் நான்தான். சரியான சாமர்த்தியம்... என்ன?... உனக்குப் பின்னாடி இந்தியாக்காரர் ஒருத்தர் நின்னாரா? பேரு?... துரைசாமியா. வெளங்கிரும்... சிரிக்காத. இது சிரிக்கிற நேரமில்ல.

இரு, கதீஜா நடுவுல வருது... சொல்லும்மா... எப்ப? நாலு மணிக்கா?... சரி, வர்றேன்னு சொல்லு.

கேட்டுச்சா? நாலு மணிக்கு மேல் மாடியில கூப்பிட்டிருக்காங்க. யாரைக் கேட்டு விட்டுக் குடுத்தீங்கன்னுதான் கேப்பாங்க, காப்பி குடுக்கக் கூப்பிடல. ட்ரங்க் லைன் சரியில்ல, பையன் காதுல தப்பா விழுந்துருச்சுன்னு சொல்றேன். திட்டுவாங்க. வாங்கிக்கிறேன். ஆனா நீ ஒண்ணு பண்ணணும். இன்னிக்கு மத்தியானம் அங்க கடைசிக் கூட்டம். தலைவர் சுத்தியலைத் தட்டறதுக்கு முன்னாடி கையைத் தூக்கு. பதினாலாவது பாராவை சிங்கப்பூர் இன்னும் ஒத்துக்கலைன்னு சொல்லு. மன்னிப்புக் கேட்டுக்க, பல்லைக் காட்டிக்க, என்ன வேணா பண்ணிக்க. திரும்பப் பிராக்கெட்டைப் போட வெச்சிரு. சரியா?

... ஹலோ? இருக்கியா?

... என்ன முடியாது?... புரியல, மெதுவாச் சொல்லு... என்னது கேட்டுச்சு?

தேயா?

... நல்லாவே கேட்டுச்சா.

அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு ம் போட்டுக்கிட்டிருந்த?... நான் கேட்டேன், அதனால போட்டியா? நான் உனக்குச் சாக்கு தேடிக் குடுக்கறேன், நீ ம்ங்கிற. தெரிஞ்சே விட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கிற... யாரு?... எந்தத் தீவு?... ஓ, அந்தப் பவளத் தீவுக்காரம்மா. தெரியும். என்ன சொன்னாங்க?... 'நீங்களும் தீவுதானே'ன்னு. உடனே ஐயா உருகிட்டாரு.

... ம்... ம்... கடல் மட்டத்துலேர்ந்து அவங்க ஊரு மொத்தமே அவ்வளவு உயரந்தானா?... ஒரு ஆள் உயரமா.

... சரி. பாவந்தான். நான் பாவமில்லைன்னு சொல்லல. பாவத்துக்கு ஜெபம் பண்ணு, பூசைக்கு எழுதி வை. நாட்டோட நிலைப்பாட்டைத் தூக்கிக் குடுப்பாங்களாடா? அவங்க ஊரு தண்ணிக்குள்ள போவுது. நாம கடலையே தூர்த்து ரோடு போடறவங்க. ரெண்டும் ஒரே தீவா?... அதையும் கேட்டாங்களா? மண்ணு எங்கேர்ந்து கொண்டாரீங்கன்னு? அதுக்கு நீ என்ன சொன்ன?... பேச்சை மாத்திட்டியா. நல்லவேளை, அதையாவது சொல்லாம இருந்தியே.

புஸ்தகம் படிச்சே கெட்டுப்போன பய நீ. ஏதோ வெளிநாட்டு நாவல்ல எவனோ பனியில நடந்துக்கிட்டே மனசாட்சியோட வழக்காடுவான், அதைத் தமிழ்ல போட்டுத் தேக்கா கடைத்தெருவுல விக்கிறான் பாரு, அவனை மொதல்ல உள்ள போடணும்... நிறுத்து. எல்லாரும் தன் நிலைமை தன் நிலைமைன்னு சொன்னா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்த வரியை எழுதினவனே நான்தான்டா. அது எதுக்கு எழுதினதுன்னு உன்னைவிட எனக்குத் தெரியும்.

... தப்பிச்சுக்கறதுக்குன்னு நான் சொல்லல... எட்மண்ட், நான் அப்படிச் சொல்லல.

இங்க பாரு. உன் மேசையில ஒரு பலகை வெச்சிருக்காங்களே, அதுல என்ன எழுதியிருக்கு? எட்மண்டுன்னா?... சிங்கப்பூர்னு இருக்குல்ல? அதுக்குப் பின்னாடி உக்கார்ற வரைக்கும் உனக்குன்னு ஒரு மனசு கிடையாது. மனசு வேணும்னா வெளியில வந்து ஆசைதீர வெச்சுக்க.

இல்ல. லைன் மேல பழி போடறது இனி நடக்காது. காதுல விழலைன்னு நான் சொல்லலாம், நெசமாவே விழாம இருந்திருந்தா. தெரிஞ்சு பண்ணினதுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் பண்ணான்னு மேல சொல்லப்போறேன். வேலை போவும். ஆமா, நான் கை காட்டி வாங்கிக் குடுத்த வேலைதான். உங்கக்கா என்னோட பேச மாட்டா. ஞாயித்துக்கிழமை கோயில்ல வேற பெஞ்சுல போய் உக்காருவா. உக்காரட்டும்.

கடைசியாக் கேக்கறேன். மத்தியானம் கையைத் தூக்குவியா?... ஆமாவா, இல்லையா?... அதெல்லாம் வேணாம், ஆமாவா இல்லையா?

சரி.

உன்கூட வந்த ரவூப் எங்க?... பக்கத்துல இருக்காரா? போனை அவர்கிட்ட குடு. இன்னிக்கு அந்தப் பலகைக்குப் பின்னாடி அவர் உக்காருவார். நீ ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டு... அவருக்குத் தமிழ் தெரியாது, அது எனக்குத் தெரியும், இங்கிலீஷ்லயே சொல்லிக்கறேன். குடு... நான் சொல்றேன் எட்மண்ட், குடு.

... ஹலோ, ரவூப்? ஆம்ப்ரோஸ் ஹியர்... ரவூப்?... ஹலோ? எட்மண்ட்?... ஹலோ?

... கதீஜா? லைன் என்னம்மா ஆச்சு?... அறுந்துருச்சா?... அறுந்து போகல. அந்தப் பக்கம் வெச்சுட்டாங்களா.

... இல்ல... இரு, யோசிக்க விடு...

வேணாம்மா. திரும்பப் போட வேணாம்... ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன். மேலேர்ந்து கேட்டா, நைரோபி லைன் சரியில்ல, ஒண்ணும் சரியாக் கேக்கலைன்னு சொல்லு... இன்னிக்கு மட்டும் இல்ல. நேத்துலேர்ந்தே சரியில்லைன்னு சொல்லு.

வை.